மெஷின் கடிக்காத கை

என் ஜோக்கைக் கேட்டால் ரத்த அழுத்தம் குறையும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை, கம்பெனி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மதியம் எங்கள் கம்பெனிக்கு ஒரு லேடி டாக்டர் வருவார். ஒருநாள் அவர், நான் அளந்து எழுதி அனுப்பிய சீட்டுகளையும், அதே ஆட்களுக்குத் தன் அறையில் அவரே அளந்ததையும் மேஜையில் பரப்பிக் காட்டினார். என்னுடையது எல்லாமே ஜாஸ்தி. கருவிகளை மாற்றி வைத்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை.

"உங்க பக்கத்துல உக்காந்தா ஏறுது. எழுந்து வந்தா இறங்குது," என்றார் டாக்டர்.

அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த லட்சணத்தில் இருந்தவன்தான் இப்போது உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஆம்பூர் தாண்டி ஹைவே ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் முதலுதவி அறை என்னுடையது. படித்தது நர்சிங். ஆனால் ஆம்பளை நர்ஸ் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கம்பவுண்டர் ஆக்கிவிட்டார்கள், கம்பவுண்டராகவே போன வருஷம் ரிடையர் ஆனேன். நீங்கள் எல்லாரும் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இதே மாதிரி அறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் என்னைவிட நன்றாக வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரு பெண்ணின் சட்டைக் கையை மேலே ஏற்றிய கதையை மட்டும் சொல்கிறேன்.

அவள் பெயரை மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம். நிஜப்பெயர் உங்களுக்கு வேண்டாம். குடியாத்தம் பக்கம், வீட்டில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். எங்களிடம் ஸ்கைவிங் மெஷினில் இருந்தாள். தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தைச் சன்னமாகச் சீவுகிற மெஷின் அது. உள்ளே கத்தி சுற்றும், விரல் அதன் பக்கத்திலேயே ஓடும். அதில் வேலை செய்கிறவர்களின் விரல் நுனியைப் பார்த்தால் எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்லிவிடலாம்.

ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ண்ணா, டாக்டரம்மாவத் தனியா பாக்க முடியுமா?"

"தனியான்னா? ரெண்டு பேரும் எங்கயாவது டூர் போறீங்களா?"

சிரித்தாள். முதலாளி ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அப்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"இன்னா கம்ப்ளைன்ட்னு எழுதட்டும்?"

"தூக்கம் வர்றதில்ல. அப்பிடின்னு எழுதிக்கங்க."

'அப்பிடின்னு எழுதிக்கங்க' என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே கதவைக் கொஞ்சம் திறந்து காட்டியிருக்கிறாள். நான் தூக்கமின்மை என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்து, சூப்பர்வைசரை வைத்து இன்னொரு ஜோக்கும் அடித்து அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் புதன்கிழமைதான் வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை. கேன்டீனில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி வரிசையாக மேஜை போட்டிருந்தோம். ஒரு மேஜையில் எடை, ஒரு மேஜையில் கண். நடு மேஜையில் நான், பிரஷர். பக்கத்தில் ஆபீஸிலிருந்து வந்த பெண் எல்லாவற்றையும் லிஸ்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரை கிடையாது, மறைப்பு கிடையாது. என் எதிரே நூறு பேர் வரிசை, எனக்கு அது மேடை.

மஞ்சுளாவின் முறை வந்தது. ஏப்ரல் வெயில். ஏப்ரனுக்குள்ளே முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன். உட்கார்ந்தவள் தானாகவே வலது கையை நீட்டினாள்.

"இடது கைம்மா."

"இதுலயே பாருங்கண்ணா."

"எல்லாருக்கும் இடதுலதான் பாக்கறேன். ஹார்ட்டு அந்தப் பக்கம் இருக்குல்ல? இல்ல யார்கிட்டயாவது குடுத்துட்டியா?"

வரிசை சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது. அவள் இடது கையைப் பிடித்து, பட்டனைக் கழற்றி, சட்டையை நானே முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.

என்ன பார்த்தேன் என்பதை விவரமாகச் சொல்லப் போவதில்லை. பழசும் புதுசுமாகத் தழும்புகள். இந்தத் தொழிலில் இருப்பவன் ஒருதடவை பார்த்தால் போதும், யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை, அவளே செய்துகொண்டவை.

வரிசையில் முன்னால் நின்ற ஐந்தாறு பேரும் பார்த்துவிட்டார்கள். மஞ்சுளா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு சட்டையை இறக்கிவிட்டு, "அந்தக் கையிலயே பாத்துடலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பிரஷருக்கு எந்தக் கையானால் என்ன? இருபது வருஷப் பழக்கம், அதனால் இடது கை. வேறு காரணமே கிடையாது.

ஆனால் நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தமாகவே கேட்டேன்: "ஸ்கைவிங் மெஷின் கடிச்சிட்டுதா?"

"ஆமாண்ணா," என்றாள்.

வரிசை அப்படியே தணிந்தது. அடடா, என்ன சமயோசிதம் என்று என்னை நானே தட்டிக்கொண்டேன். அந்தத் தட்டல் அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஆபீஸ் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"மெஷின் காயமாண்ணா? அப்ப ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஏத்திடுங்க. ஷூ வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட் வருது. காயம் இருந்து என்ட்ரி இல்லன்னா நம்மள உரிச்சிடுவாங்க."

பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? கம்பெனியில் பொய்க்கும் ஒரு படிவம் உண்டு. அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன். தழும்பெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை என்று பார்த்தாலே தெரியும். ஒரே தேதி போட்டால் சந்தேகம் வரும் என்று மூன்று தேதி போட்டேன். மெஷின் நம்பர் பதினாலு. காயம் சிறியது, முதலுதவி அளிக்கப்பட்டது, என் கையெழுத்து. மூன்று தடவையும் வேறு வேறு பேனா. எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அவள் டாக்டரிடம் வரவில்லை. தூக்கம் வந்துவிட்டது போல என்று அவள் டோக்கன் நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ரிஜிஸ்டர் சேஃப்டி ஆபீசர் மேஜைக்குப் போனது. சின்ன வயசுப் பையன், நேர்மையானவன், வேலையில் கவனமானவன். ஒரே மெஷினில் ஒரே ஆளுக்கு மூன்று காயம் என்றால் சும்மா இருப்பானா? மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஏழுமலைக்கு மெமோ போனது. பதினாலாம் நம்பர் மெஷினை நிறுத்தி, தகரம் வளைத்து ஒரு கவர் மாட்டினார்கள். அதோடும் விடவில்லை. விபத்து எப்படி நடந்தது என்று செய்து காட்டச் சொல்லி, சேஃப்டி கமிட்டி மொத்தமும் வியாழக்கிழமை காலையில் லைனுக்கே வந்துவிட்டது. ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நானும் வரவேண்டும் என்றார்கள்.

மெஷின் ஓடவில்லை. மஞ்சுளா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர்.

"பயப்படாதேம்மா. உன் மேல தப்பு சொல்லல," என்றான் சேஃப்டி ஆபீசர். "கை எப்பிடி உள்ள போச்சுன்னு மட்டும் காட்டு."

அவள் கையைக் கத்தி இருக்கிற பக்கம் கொண்டுபோனாள்.

"விரல்தானே போகுது? காயம் மேலதானே? சட்டையைக் கொஞ்சம் ஏத்திக்கோம்மா. போட்டோ எடுக்கணும்."

மெமோ வாங்கிய ஏழுமலை ஓரத்தில் கைகட்டி நின்றவன், "சார், அந்த இடத்துல கத்தி எட்டாது சார்," என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"அப்ப எப்பிடி ஆச்சு? இன்னொரு தபா காட்டும்மா."

இன்னொரு தடவை காட்டினாள். மூன்றாவது தடவையும் காட்டினாள். நடக்காத ஒன்றை அத்தனை பேர் முன்னால் நடித்துக் காட்டினாள், சட்டையை ஏற்றிய கையோடு. போட்டோ எடுத்தார்கள். நடுவில் ஒருதரம் அவள் என்னைப் பார்த்தாள்.

ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது. 'சார், இது நான் கேக்காம எழுதினது' என்று சொல்ல நாலு சொல் போதும். எங்கே வேண்டுமானாலும் எதையாவது உளறுகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஷம்ஷாத் அக்கா நேராக என் அறைக்கு வந்தாள். பதிமூணாம் நம்பர் மெஷின் அவளுடையது, மஞ்சுளாவுக்குப் பக்கத்து ஸ்டூல்.

"கம்பவுண்டரே, பொண்ணு பஸ் ஏறல. போனும் எடுக்கல."

"உடம்பு சரியில்லையோ இன்னாவோ..."

"யோவ், என்கிட்டயுமா? இருவத்தோரு வருசம் அந்த மெஷின்ல உக்காந்திருக்கேன். விரலக் கடிக்கும், நகத்த எடுக்கும். அவ்ளோ மேல வந்து எப்பிடிய்யா கடிக்கும்? எனக்கு அப்பவே தெரியும். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன். நீ புக்குல எழுதி ஊருக்கே காட்டிட்ட."

டாக்டர் இரண்டு மணிக்குத்தான் வருவார். வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஷம்ஷாத் அக்கா நகரவில்லை. போனை எடுத்தேன். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அது, அதுவும் ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றதால்.

எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்ப அந்தப் பொண்ணு எங்க இருக்கா? கூட யாரு இருக்காங்க?"

"தெரியல மேடம். அது வந்து, நான் அன்னைக்கு எதுக்கு அப்பிடிச் சொன்னேன்னா..."

"உங்க கதை அப்புறம். முதல்ல யாராவது அவளை நேர்ல பாக்கணும்."

"நானே போறேன் மேடம்."

"நீங்க வேணாம். அவ யாரை நம்புவாளோ அவங்க போகட்டும்."

ஷம்ஷாத் அக்காவுக்கு கேட் பாஸ் எழுத உட்கார்ந்தேன். காரணம் என்று ஒரு கட்டம். என் பேனா தானாகவே 'வயிற்று வலி' என்று ஆரம்பித்தது. நம்புவீர்களா? அந்த நிலையிலும்.

அக்கா சீட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். "'சொந்த வேலை'ன்னு எழுது. இனிமே யாருக்கும் நீ வியாதி குடுக்காதே."

ஒன்பதரைக்குக் கிளம்பினாள். அதன்பிறகு என் அறைக்கு ஒருவன் விரல் வெட்டோடு வந்தான், ஒருத்தி தலைவலி மாத்திரைக்கு வந்தாள். இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னாண்ணா, வாய்ல புண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சுவரில் தொங்கும் போன் அடிக்கவே மாட்டேன் என்கிறது. ரிஜிஸ்டர் மேஜை மேல் இருந்தது. மூன்று பேனாவில் எழுதிய மூன்று வரி. அந்தப் பெண் இல்லாமல் போய்விட்டால் உலகத்தில் அவளைப் பற்றி மிஞ்சப் போகிற எழுத்து இதுதான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் போன் வந்தது.

"இருக்கா," என்றாள் ஷம்ஷாத் அக்கா.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கீழ தறி சத்தம். அவ மேல ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டு இருந்தா. நான் கூப்ட்டதும் தொறந்துட்டா. கையில புதுசாக் காயம் இருக்கு, துணி சுத்தியிருக்கா. டாக்டரம்மாகிட்ட பேசறேங்கறா. உன் பேச்செடுத்தா மூஞ்சத் திருப்பிக்கறா."

டாக்டர் அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு போனில் வெகுநேரம் பேசினார். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவளையே கேட்டாராம். அம்மாவிடம், ஆனால் ஷம்ஷாத் அக்கா பக்கத்தில் இருக்கணும் என்றாளாம். சாயங்காலமே மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வெளியே வந்த டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். "சாகணும்னு நினைப்பு வருதான்னு நேராத்தான் கேட்டேன். கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்படாதீங்க. கேக்காம விட்டாத்தான் அது தனியா இருக்கும்."

நான் போக வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருந்தது. சேஃப்டி ஆபீசர் ரூம்.

"சார், அந்த மூணு என்ட்ரியும் தப்பு. அந்தப் பொண்ணு என்கிட்ட காயம்னு வரல. நான் கேக்காம எழுதினேன். தேதி எல்லாம் என் கற்பனை. ஏழுமலை மேல தப்பு இல்ல."

அவன் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினான். "அப்ப அது இன்னா காயம்?"

"அது கம்பெனி விபத்து இல்ல சார். அதுக்கு மேல உங்க ரிஜிஸ்டருக்கு வேண்டியதில்ல."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலையின் மெமோ எனக்கு வந்தது. சேஃப்டி ஆபீசரிடம் அந்தப் போட்டோவை அழிக்கச் சொன்னேன். அவன் முகம் மாறியது. அதைக் கமிட்டி வாட்ஸப் குரூப்பில் வியாழக்கிழமையே போட்டுவிட்டிருந்தான். உடனே அழித்தான், பாவம். ஆனால் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எதை அழிப்பது?

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சுளா டாக்டரைப் பார்க்க வந்தாள், ஷம்ஷாத் அக்காவோடு. உள்ளே போவதற்கு முன் பிரஷர் பார்த்தாக வேண்டும், அது என் வேலை. அதற்குள் என் அறைக்கு ஒரு திரை வந்திருந்தது. கேன்டீனின் பழைய மேஜைத்துணிதான், நானே கம்பி கட்டி மாட்டியது. ஸ்டூலையும் வாசலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தேன். அக்கா இருக்கட்டுமா, வெளியே நிற்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

"எந்தக் கையில பாக்கட்டும்மா?"

வலது கையை நீட்டினாள். சட்டைக் கை மெல்லிய துணிதான், அதன் மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றினேன். சொல்ல வேண்டியதை முந்தின ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"இங்க நீ காட்ட வேணாம்னு நினைக்கறத நான் பாக்க மாட்டேன். மருந்து போடணும்னா சொல்லு, போட்டு விடறேன், காரணம் கேக்க மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். அன்னைக்கு உன்னைக் கேக்காம எழுதினது என் தப்பு."

அவள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளிக்கிழம டோக்கன் எதுக்கு வாங்கினேன்னு நெனச்சீங்க? டாக்டரம்மாகிட்ட காட்டத்தான். ரெண்டு மாசமா தைரியம் சேத்து வந்தேன். நீங்களே கேள்வி கேட்டீங்க, நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் இன்னான்னு போய் சொல்றது?"

பட்டையைக் கழற்றினேன். அளவை எழுதிக் கொடுத்தேன். அன்று என் அளவும் டாக்டர் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை.

அவள் ஏன் அப்படிச் செய்துகொண்டாள் என்று கேட்பீர்கள். எனக்கு முழுசாகத் தெரியாது, தெரிந்தவரையிலும் சொல்ல மாட்டேன். உங்களிடம் வருகிறவர்களிடமும் அந்த ஏனை முதலில் கேட்காதீர்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், அழாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். முக்கியமாக, அவர்களுக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். கொளுத்தும் வெயிலில் முழுக்கை போட்டு வந்து ஒரு கையை மட்டும் நீட்டினால், நீட்டிய கையைப் பிடியுங்கள். தனியாகப் பார்க்க வேண்டும் என்று வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போடுங்கள், பேனாவைக் கீழே வையுங்கள்.

மஞ்சுளா வேலைக்குத் திரும்பினாள். மாசத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேட் பாஸில் சொந்த வேலை என்று மட்டும் எழுதினேன். ஆனால் லைனில் அவள் கை நீட்டிய போதெல்லாம் யாராவது ஒருத்தர் கண் அந்தச் சட்டைக்குப் போகும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். மூன்று மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு கார்டை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் தறி பார்க்கிறாள், சிகிச்சையை விடவில்லை என்று ஷம்ஷாத் அக்கா மூலம் தெரியும். அவள் அந்த மெஷினில் நல்ல வேலைக்காரி. அதைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள்.

அவள் போன அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து லைன் காலியாக இருந்தது. ஷம்ஷாத் அக்கா தன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினாலாம் நம்பர், அந்தத் தகரக் கவரோடு. யாருக்கும் அது உதவவில்லை, தோல்தான் அதில் இடித்துக்கொண்டே இருந்தது.

"இதைக் கழட்டச் சொல்லணும்க்கா," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

அவள் துணியை உதறி மடித்துப் பையில் வைத்தாள்.

"தப்பு பண்ணாத மெஷினுக்குப் போட்டீங்க. உன் வாய்க்குப் போட்டிருந்தா, அந்தப் பொண்ணு இன்னிக்கும் இங்க உக்காந்திருப்பா."